கிட்னி நோயாளிக்கு புரோபயாட்டிக்: கேப்சூலா, மோரா, இரண்டும் வேண்டாமா?

போன கத்திரி வெயிலில் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். கடைக்கார அண்ணன் சீட்டில் இல்லாத ஒரு புரோபயாட்டிக் அட்டையையும், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடைத்த கேப்சூல், சேர்த்து எடுத்து வைத்தார். "இது கிட்னிக்குனே வந்திருக்குதும்மா, நல்ல பாக்டீரியா, கிரியாட்டினினை இறக்கிடும், நிறைய பேரு வாங்கறாங்க" என்றார். கிரியாட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு இரத்தக் கழிவு, கிட்னி தளர்ந்தால் அது ஏறும். பத்து கேப்சூல், முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் மாதத்துக்கு ஆறு அட்டை, ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்குக் குறையாது, அப்பாவின் மற்ற மாத்திரைகள் மொத்தத்துக்கும் அவ்வளவு ஆகாது. ஆனாலும் "இறக்கிடும்" என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் இந்த நோய் இருப்பவர்களுக்கு நான் ஏன் வாங்கினேன் என்று விளக்க வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது இரண்டு பேருக்குக் கிட்னிப் பிரச்சினை. அப்பாவுக்கு 62 வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பல வருடச் சர்க்கரை, கிரியாட்டினின் 2.4, இஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) 30, அதாவது கிட்னி நோயின் ஐந்து கட்டங்களில் மூன்றாம் கட்டத்தின் கடைசிப் படியில் நிற்கிறார். வியாசர்பாடியில் இருக்கும் சித்திக்கு டயாலிசிஸ் ஓடுகிறது, டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா இன்னும் பழுக்காததால் கழுத்து லைனில், அதாவது கழுத்து வழியே பெரிய இரத்தக் குழாய்க்குள் போட்ட டியூபில்தான் போடுகிறார்கள். ஒரே அட்டையை இரண்டு பேருக்கும் பங்கு வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது எவ்வளவு தப்பான யோசனை என்பதைப் பிறகு சொல்கிறேன். பெங்களூரில் இருக்கும் தம்பியோ, "அக்கா, இங்கத்தது எதுக்கு, அமெரிக்காவுலயே கிட்னிக்குனு ஒண்ணு விக்கிறான், வரவழைச்சுத் தரேன்" என்று ஆரம்பித்துவிட்டான். அம்மா பக்கத்துக் கட்சி, மோர் போதும் என்பது. இப்படி மூன்று கட்சியாகப் பிரிந்து பத்து நாள் சண்டை போட்டதில், நான் படித்ததும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இது.

இந்த மாத்திரையின் பின்னால் இருக்கும் யோசனை ஏமாற்று வேலை கிடையாது. கிட்னி தளரும்போது இரத்தத்தில் தேங்கும் யூரியா குடலுக்குள்ளும் கசிகிறது. அங்கே சில பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக உடைக்க, அந்த அம்மோனியா குடல் சுவரின் இணைப்புகளைத் தளர்த்துகிறது. இன்னொரு பக்கம், செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும் புரதத்தைப் பாக்டீரியாக்கள் சிதைத்து இண்டோல், பி-கிரெசால் என்ற பொருட்களை உண்டாக்குகின்றன. குடல் சுவரும் கல்லீரலும் அவற்றை இண்டாக்சில் சல்ஃபேட், பி-கிரெசில் சல்ஃபேட் என்று மாற்றி இரத்தத்தில் விட்டுவிடுகின்றன. நல்ல கிட்னியாக இருந்தால் சிறுநீரில் போய்விடும். இல்லையென்றால் இரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பு முழுக்கச் சுற்றும், ஒட்டிக்கொண்டிருப்பதால் டயாலிசிஸ் மிஷினாலும் சரியாகப் பிடித்து எடுக்க முடியாது. அப்படியானால் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களை மாற்றிவிட்டால் இந்தக் கழிவு உற்பத்தியாவதே குறையுமே என்பதுதான் கணக்கு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதே கணக்கை வேறு வழியில் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஏஎஸ்டி-120 என்று ஒரு கரி மருந்து, குடலிலேயே இண்டோலை உறிஞ்சிக்கொள்ளும், ஜப்பானில் 1991 முதல் விற்பனையில் இருக்கிறது. அதைச் சுமார் 2,000 பேருக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. டயாலிசிஸுக்குப் போவதை அது தள்ளிப்போடவில்லை. அதனால் கழிவு ஒன்று குறைகிறது என்பதை வைத்து மட்டும் கிட்னி தப்பித்துவிடும் என்று நம்ப எனக்கு இப்போது மனசு வரவில்லை.

தம்பி சொன்ன அமெரிக்கச் சரக்கின் பெயர் ரெனாடில். நடராஜன் ரங்கநாதன் என்பவர் தொடங்கிய கைபோ பயோடெக் என்ற கம்பெனியுடையது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபாசிலஸ் அசிடோஃபிலஸ், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்று மூன்று வகை பாக்டீரியா அதில் இருக்கிறது. அங்கே அது உணவுச் சத்துப் பொருள் என்ற பெயரில்தான் விற்கிறது, மருந்து என்று எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் கொடுத்தது கிடையாது. அந்தக் கம்பெனிக்காரர்களே முன்னின்று நடத்திய ஒரு ஆய்வு 2010இல் வெளிவந்தது. நான்கு நாடுகளில் மூன்றாம், நான்காம் கட்ட நோயாளிகள் 46 பேர், ஒரு நாளைக்கு 9,000 கோடி பாக்டீரியா. 29 பேருக்கு யூரியா அளவு இறங்கியது. கிரியாட்டினின் இறங்கியது 20 பேருக்கு. தம்பி இதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி "பார்த்தியா" என்று கேட்டான். பார்த்தேன். 46 பேருக்கு ஆளுக்கொரு முறை காசு சுண்டினாலே 23 பேருக்கு 'இறங்கியது' என்று விழுமேடா என்றேன். மெல்ல ஏறிக்கொண்டே போகிற நோய் என்பதால் அந்த ஒப்பீடு முழுக்க நியாயமில்லைதான். ஆனால் அந்த 20 பேர் கணக்குக்குப் புள்ளியியல்படி மதிப்பில்லை என்று ஆய்வே சொல்கிறது. 40 பேர் உடம்பு தெம்பாக இருப்பதாகச் சொன்னார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது, அதை மறைப்பானேன்.

கம்பெனிக்கு வெளியே நடந்ததில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் நடந்த சினர்ஜி ஆய்வு, 2016இல் வந்தது. கிட்னி வெகுவாகத் தளர்ந்தும் டயாலிசிஸ் ஆரம்பிக்காத 37 பேருக்கு, ஆறு வாரம் பாக்டீரியாவும் அதற்குத் தீனியாக நார்ச்சத்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். பி-கிரெசில் சல்ஃபேட் நிஜமாகவே குறைந்தது. இண்டாக்சில் சல்ஃபேட் மொத்தத்தில் குறையவில்லை, இடையில் ஆன்டிபயாட்டிக் சாப்பிடாதவர்களுக்கு மட்டும் குறைந்தது. ஆனால் சிறுநீரில் போகும் ஆல்புமின் லேசாகக் கூடியது, அது கூடுவது கிட்னிக்கு நல்ல அறிகுறி இல்லை. யோசித்துப் பாருங்கள், அப்பாவுக்கு டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரட்டி விரட்டிப் பார்ப்பதே அந்த ஆல்புமினைத்தான். 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு அதுவரை வந்த 45 ஆய்வுகளை, 2,200க்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. கிட்னி தாங்குகிறதா, டயாலிசிஸ் தள்ளிப்போகிறதா, ஆள் கூடுதல் நாள் இருக்கிறாரா என்ற கேள்விகளுக்கு உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் அதன் சாரம்.

"அப்போ நம்ம பக்கத்து வீட்டு மாமாவுக்கு 2.6இல் இருந்து 2.3க்கு வந்துச்சே?" என்று அம்மா கேட்டார். வந்திருக்கும். கிரியாட்டினின் அப்படித்தான் ஆடும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலை இரத்தம் கொடுத்தால் ஏறும், தண்ணீர் சரியாகக் குடிக்காமல் வெயிலில் அலைந்தால் ஏறும், லேப் மாறினால் மாறும். சாப்பாடு குறைந்து உடம்பு இளைத்துத் தசை கரைந்தால் இறங்கும், அதை நல்ல சேதி என்று கொண்டாடிவிடக் கூடாது. இன்னொன்று, குடல் பாக்டீரியாக்கள் கிரியாட்டினினையே கொஞ்சம் தின்னக்கூடியவை. அப்படித் தின்று ரிப்போர்ட்டில் எண் இறங்கினாலும் கிட்னி அதே கிட்னிதான்.

இப்போது சித்தி விஷயம். மெடிக்கலில் "பேதிக்குக் கொடுங்க" என்று கேட்டால் பல இடங்களில் கையில் வைக்கும் பாக்கெட் ஒன்று இருக்கிறது, சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட். கழுத்து லைன் போல பெரிய இரத்தக் குழாய்க்குள் டியூப் போட்டிருப்பவர்களுக்கு இந்த ஈஸ்ட் இரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது. டியூப் இருப்பவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதை எடுக்கவே கூடாது என்பது 2017இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறாராகச் சொன்னது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரிப்பதுகூட ஆபத்து, தூள் கையில் ஒட்டி டியூப் வழியே போகலாம். டயாலிசிஸுக்குப் போய்வந்த அன்று சித்தி சோபாவில் சாய்ந்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து நான் அட்டையைப் பிரித்திருப்பேனே என்று நினைத்தால் இப்போதும் திக்கென்கிறது. நான் வாங்கியதில் அந்த ஈஸ்ட் இல்லை, நல்லவேளை. ஆனால் வாங்கும்போது அது எனக்குத் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. மற்ற பாக்டீரியா வகைகளையும் சித்தியின் டாக்டர் "லைன் எடுக்கிற வரைக்கும் எதுவும் வேண்டாம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கிட்னி மாற்று அறுவை செய்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வரக் கூடாது.

சரி, கடையில் கிடைக்கும் சாதாரண வகைகள். யாகுல்ட் 65 மில்லி புட்டியில் 650 கோடி பாக்டீரியா இருக்கிறது, எண் பெரிதாகத் தெரியும், ஆனால் மேலே சொன்ன 9,000 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தவிர பாக்டீரியா வகையே வேறு. சர்க்கரையும் சேர்த்தது, அப்பாவுக்கு ஆகாது. ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது டாக்டர்கள் எழுதும் பாசிலஸ் கிளாசி குப்பிகள் பேதிக்காக வருபவை, அவற்றைக் கிட்னிக்கு என்று வாங்குவதில் அர்த்தமில்லை. இதற்கு மேல் இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவின் மோர் கட்சிக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையான சந்தேகம் இருந்தது, ஏனென்றால் கிட்னி நோயாளி தயிரே தொடக் கூடாது என்று பாதிப் பேரும், தயிர்தான் மருந்து என்று மீதிப் பேரும் சொல்வார்கள். 100 கிராம் தயிரில், அதாவது ஒரு சின்னக் கிண்ணத்தில், புரதம் மூன்று கிராம் சொச்சம், பொட்டாசியம் சுமார் 150 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 100. ஒரு இளநீரில் இருக்கும் பொட்டாசியத்துக்கு இது எவ்வளவோ குறைவு. அப்பாவின் எடை 60 கிலோ. கிலோவுக்கு 0.8 கிராம் என்று கேடிகோ என்ற சர்வதேசக் கிட்னி அமைப்பின் 2024 வழிகாட்டி சொல்லும் கணக்கில் அவருக்கு ஒரு நாளைக்கு 48 கிராம் புரதம் வரை போகலாம். அதற்குள் இந்தக் கிண்ணம் தாராளமாக அடங்கும். பொட்டாசியமோ பாஸ்பரஸோ ஏற்கெனவே ஏறியிருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அதை டயட்டீஷியன்தான் போட வேண்டும். அம்மா செய்வது என்னவென்றால், இரண்டு கரண்டித் தயிரை ஒரு டம்ளர் தண்ணீரில் கடைந்து, உப்பே போடாமல், இஞ்சியும் கறிவேப்பிலையும் நசுக்கிப் போட்டு, பெருங்காயம் ஒரு சிட்டிகை. உப்பில்லாத மோரை அப்பா முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பழகிவிட்டது. சித்திக்கு அந்த ஒரு டம்ளரும் தண்ணீர்க் கணக்கில் வரும் என்பதால் அவருக்குக் கெட்டித் தயிர் இரண்டு ஸ்பூன்தான்.

வீட்டுத் தயிரில் என்ன பாக்டீரியா எத்தனை கோடி என்று யாராலும் சொல்ல முடியாது, உறைக்கு எந்த வீட்டு மோர் வாங்கினோமோ அதைப் பொறுத்தது. ஆகவே அதை மருந்துக் கணக்கில் வைக்க முடியாது. சாப்பாடு, அவ்வளவுதான். விலை தனியாகக் கிடையாது என்பது அதன் பெரிய பலம்.

பழைய சோறு என்றதும் யாராவது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் ஆய்வைச் சொல்வார்கள், நம்ம ஏரியாவில் நடந்தது என்ற பெருமை வேறு. அது குடல் அழற்சி நோயாளிகளை வைத்து எடுத்த முயற்சி, கிட்னிக்கானது அல்ல. எங்கள் வீட்டில் பழைய சோற்றில் எனக்குச் சிக்கலே தொட்டுக்கொள்வதில்தான். நெத்திலிக் கருவாடு, மோர் மிளகாய், மாங்காய் ஊறுகாய் இல்லாமல் பழையது இறங்குமா? ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராம், ஒரு டீஸ்பூன் தலை தட்டி, அதுதான் அளவு. காசிமேட்டுக் கருவாடு இரண்டு துண்டு போனாலே அதில் பெரும் பங்கு காலி. சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுகிற பொறுமை இருந்தால், சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால், வாரம் இரண்டு நாள் சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டோம்.

இத்தனை பேச்சிலும் யாரும் கேட்காத ஒன்றை ஓபியில் டாக்டர்தான் கேட்டார்: "தினமும் மோஷன் போறாரா?" அப்பா மூன்று நாளைக்கு ஒருமுறை போவதை எங்களிடம் சொன்னதே இல்லை. கிட்னி தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தில் ஒரு பங்கு குடல் வழியாகத்தான் வெளியேறுகிறது, மலம் தேங்கினால் அதுவும் தேங்கும், பி-கிரெசால் தயாரிக்கப் பாக்டீரியாவுக்கும் கூடுதல் நேரம் கிடைக்கும். டாக்டர் லாக்டுலோஸ் சிரப் எழுதினார், அது குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியும்கூட. புட்டி விலை அந்த ஒரு அட்டையை விடக் குறைவு. மலச்சிக்கலுக்குத் தானாக மருந்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று: மில்க் ஆஃப் மெக்னீசியா கிட்னி நோயாளி உடம்பில் மெக்னீசியத்தைத் தேக்கும், பாஸ்பேட் எனிமா அதைவிட மோசம், இசப்கோலுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு அது சரிப்படாது. அப்பாவின் வயிற்று உப்புசமும் வாய்க் கசப்பும் இரண்டு வாரத்தில் நன்றாகக் குறைந்தது. அந்த இரண்டு வாரமும் கேப்சூல் சாப்பிட்டிருந்தால் பெயர் அதற்குத்தான் போயிருக்கும்.

மாதம் ஆயிரத்து எழுநூறு ரூபாய் கையில் இருந்தால் எங்கே போட வேண்டும் என்பதில் எனக்கு இப்போது குழப்பமில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் கிட்னி கெடுவதைத் தாமதப்படுத்துகின்றன என்று ஆயிரக்கணக்கானவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, 2020இல் டாபா-சிகேடி, பிறகு எம்பா-கிட்னி. இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் பேட்டன்ட் 2020இலும் எம்பாகிளிஃப்ளோசினின் பேட்டன்ட் 2025 மார்ச்சிலும் முடிந்து, விலை நன்றாக இறங்கிவிட்டது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, எழுதலாமா என்பது டாக்டர் முடிவு, ஆனால் கேட்பதற்குக் காசில்லை. வீட்டில் பிரஷர் பார்க்கும் மிஷின் இல்லையென்றால் முதலில் அது. அதற்குப் பிறகும் காசு மிஞ்சி, டயாலிசிஸ் ஆரம்பிக்காத நிலையில், டியூப் எதுவும் இல்லாமல், டாக்டரும் சரி என்றால் மட்டும் கேப்சூலை முயன்று பார்க்கலாம். உள்ளூர்ச் சரக்கோ அமெரிக்கச் சரக்கோ, அப்படிப் பார்க்கிறவர்கள் ஆரம்பிக்கும் முன் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீர் ஆல்புமின் மூன்றும் எடுத்து, மூன்று மாதம் வேறெதையும் மாற்றாமல் சாப்பிட்டு, அதே லேபில் திரும்ப எடுங்கள். கிரியாட்டினின் 0.1, 0.2 இறங்கியதற்காக அடுத்த அட்டை வாங்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு ஓபிக்கு ஓடுங்கள். பெட்டியில் பாக்டீரியாவின் முழுப் பெயரும், காலாவதி தேதி வரை எத்தனை கோடி உயிரோடு இருக்கும் என்ற கணக்கும் இல்லாததை வாங்காதீர்கள். எங்கள் அட்டையில் 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருந்தது, அண்ணன் அதைத் தகரக் கூரைக்குக் கீழே, மேல் தட்டில் இருந்து எடுத்துத் தந்தார். அதில் எத்தனை உயிரோடு இருந்தது என்று அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

தம்பியிடம் அந்தக் காசுக்குப் பிரஷர் மிஷின் வாங்கி அனுப்பச் சொன்னேன், கொஞ்சம் முகம் சுளித்துவிட்டு அனுப்பினான். அப்பா காலை ஏழு மணிக்குக் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு, வரும் எண்ணைக் காலண்டர் தாளில் எழுதுகிறார், துறைமுகத்தில் லோடு கணக்கு எழுதிய அதே கையெழுத்தில். இரண்டு அட்டையும் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்கப் போனேன். "ஃப்ரிட்ஜ் அயிட்டம்மா, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்றார் அண்ணன்.

"ஃப்ரிட்ஜ் அயிட்டமாண்ணா?" என்று நான் மேல் தட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அப்புறம் ஒரு அட்டைக்கு மட்டும் காசைத் திருப்பிக் கொடுத்தார்.